பதில் வாசகருக்கு மட்டுமன்று, பக்கத்துக்கு

சித்தூர், திருப்பதி, குப்பம் ஆகிய ஊர்ப்பெயர்கள் இடம்பெறும் தமிழ்ப் பத்தி ஒன்றை, பைத்தான் மொழியின் சைக்கிட்-லேர்ன் லைப்ரரியில் உள்ள 'கவுண்ட் வெக்டரைசர்' என்னும் சொல்லெண்ணும் கருவியிடம், எந்த அமைப்பையும் மாற்றாமல் கொடுத்துப் பார்க்கலாம். அது திருப்பித் தரும் சொற்பட்டியலில் 'திருப்பதி' இராது, 'பத' இருக்கும். 'குப்பம்' இராது, 'பம' இருக்கும். 'சித்தூர்' என்பதற்கு ஈடாக எதுவுமே இராது. 'தமிழ்' என்ற சொல் 'தம' ஆகிவிடும். 'தெலுங்கு' அடையாளமின்றி மறைந்துவிடும். அம்மொழியின் பெயரைத் தெலுங்கு எழுத்திலேயே எழுதிக் கொடுத்தாலும் இதே கதிதான். பிழைச்செய்தி எதுவும் திரையில் தோன்றாது. கருவி வழக்கம்போல் எண்களைத் தரும், எண்கள் அட்டவணையாகும், அட்டவணையிலிருந்து முடிவுரை பிறக்கும்.

இதற்குக் காரணம் எளிது. அக்கருவி, 'சொல்லெழுத்து' எனப் பைத்தான் ஏற்கும் குறிகள் இரண்டோ அதற்கு மேலோ இடைவிடாமல் தொடர்ந்தால் அதனைச் சொல் என்று கொள்கிறது. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்கோட்டை அடுத்து டபிள்யூ இட்டுக் குறிக்கப்படுவது இந்தச் சொல்லெழுத்துதான். யூனிகோடு அட்டவணையில் 'எழுத்து' அல்லது 'எண்' என்று வகைப்படுத்தப்பட்டவற்றையும் அடிக்கோட்டையும் மட்டுமே பைத்தான் சொல்லெழுத்தாக ஏற்கிறது. தமிழ் உயிர்மெய்யோ யூனிகோட்டில் அகரமேறிய மெய்யாகவும் அதன்பின் வரும் உயிர்க்குறியாகவும் பிரித்துச் சேமிக்கப்படுகிறது. உயிர்க்குறிகளும் புள்ளியும் அங்கே 'எழுத்து' அல்ல, 'சார்குறி'. ஆகவே ஒவ்வொரு கொம்பும், ஒவ்வொரு காலும், ஒவ்வொரு புள்ளியும் சொல்லை அறுக்கும் கத்தியாகின்றன. அறுபட்டு ஒற்றை எழுத்தாக எஞ்சியவை, இரண்டெழுத்து இல்லாமையால் கழிக்கப்படுகின்றன.

இதன் விளைவு ஊர்ப்பெயர்களோடு நிற்பதில்லை. 'வரும்' என்பதும் 'வராது' என்பதும் இக்கருவிக்கு ஒரே சொல்: 'வர'. 'தரும்', 'தராது' ஆகிய இரண்டும் 'தர'. 'பாடம்', 'கூடம்', 'வேடம்' மூன்றும் 'டம'. உடன்பாட்டையும் எதிர்மறையையும் வேறுபடுத்தாத சொற்பட்டியலைக் கொண்டு மக்களின் கருத்து ஆதரவா எதிர்ப்பா என்று கணிக்கும் ஆய்வேடு எத்தகையதாக இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இச்சிக்கல் நிரலரின் சிக்கல் மட்டும் என்று ஒதுக்குவோர் சித்தூர், திருப்பதி வட்டாரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1911-இல் சென்னை மாகாணத்தின் மாவட்டமாக உருவான சித்தூர், 1953-இல் ஆந்திரத்தில் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் நகர்ந்தன; மொழிகள் கோட்டுக்கு ஏற்ப நகரவில்லை. தெலுங்கும் தமிழும் அங்கே அடுத்தடுத்த வீடுகளில் பேசப்படுகின்றன. குப்பத்துக்கு அருகே கன்னடமும் சேர்கிறது. அந்தக் குப்பத்தில்தான் 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. திருப்பதியில் 1954 முதல் ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2015-இல் வந்தது. திருமலைக் கோயிலின் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தேவஸ்தானம் அவற்றை 1930-களில் தொகுதிகளாக வெளியிட்டது. பன்மொழித் தரவைக் கணினி கொண்டு ஆராய இதைவிடப் பொருத்தமான நிலம் அரிது.

இந்நிலத்திலிருந்து திரட்டப்படும் எந்தத் தரவிலும் தெலுங்கும் தமிழும் ஆங்கிலமும் கலந்தே இருக்கும். அந்தக் கலவையை மேற்சொன்ன கருவியிடம் கொடுத்தால் ஆங்கிலச் சொற்கள் முழுமையாக வெளிவரும். தமிழும் தெலுங்கும் சிதைந்து வரும், அல்லது வரவே மாட்டா. பிறகு 'இவ்வட்டார மக்களின் எழுத்தில் ஆங்கிலச் சொற்களே பொருளைத் தீர்மானிக்கின்றன' என்று ஓர் ஆய்வாளர் எழுதினால், அது மக்களைப் பற்றிய முடிவு அன்று. கருவியின் இயல்பு அமைப்பைப் பற்றிய முடிவு. அதனை மதிப்பிடும் தேர்வாளர் அட்டவணையைப் பார்ப்பாரே அன்றிச் சொற்பட்டியலைப் பார்ப்பதில்லை.

இந்நிலையில் ஆவணம் என்ன சொல்கிறது? இந்தக் கட்டுரையின் வழக்கு அதுதான். சைக்கிட்-லேர்ன் நிரலகத்தின் ஆவணங்கள் உலகெங்கும் பாராட்டப்படுபவை, பாராட்டு தகுதியானதே. அவற்றில் இக்கருவிக்குரிய பக்கம், இரண்டோ அதற்கு மேற்பட்டோ எழுத்து அல்லது எண் குறிகள் கொண்ட துண்டுகள் தேர்ந்தெடுக்கப்படும் என்றும், நிறுத்தக்குறிகள் முற்றிலும் புறக்கணிக்கப்பட்டுப் பிரிப்பான்களாகக் கொள்ளப்படும் என்றும் கூறுகிறது. பயனர் கையேடோ, சொற்களுக்கிடையே வெற்றிடம் விடாத ஆசிய மொழிகளைக் கையாளும்போது கருவியைத் தனிப்பயனாக்குவது உதவும் என்று சொல்கிறது. திருப்பதியில் அமர்ந்து இவ்விரண்டையும் படிக்கும் மாணவி என்ன முடிவுக்கு வருவார்? 'நம் மொழி ஆசிய மொழிதான். ஆனால் வெற்றிடம் விட்டு எழுதுகிறோம். ஆகவே இவ்வெச்சரிக்கை நமக்கன்று' என்றே முடிவு செய்வார். கவனமின்றிப் படிப்பவர் அன்று, கவனமாகப் படிப்பவரே ஏமாறும்படி அந்த வாக்கியம் அமைந்திருக்கிறது. ஆவணத்தில் உள்ள ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆயினும் அதைப் படித்தவர் பொய்யை நம்பி எழுந்து செல்கிறார்.

இதைக் குறையாக எடுத்துரைத்தோர் இல்லாமல் இல்லை. 2007-ஆம் ஆண்டிலேயே, தேவநாகரிச் சொற்கள் துண்டு துண்டாவதைக் காட்டி ஒரு வாசகர் பைத்தான் குழுவினருக்குத் தெரிவித்தார். குறை பதிவாயிற்று, விவாதமும் நடந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அந்த நடத்தை மாறவில்லை. யூனிகோடு அமைப்பின் 18-ஆம் தொழில்நுட்ப நெறி, சொல்லெழுத்து என்பதில் சார்குறிகளையும் சேர்க்க வேண்டும் என்றே பரிந்துரைக்கிறது. ஆகவே அவ்வாசகரின் குறை ஒரு தனிமனிதரின் ஆசை அன்று. எழுத்துமுறைகளுக்குப் பொதுவான தரத்தின் குரல்.

நடத்தை மாறாவிட்டாலும் ஒன்று மாறியது. பைத்தானின் பழைய ஆவணம், எந்த மொழியிலும் சொல்லின் பகுதியாக வரக்கூடிய குறிகளில் பெரும்பாலானவை சொல்லெழுத்தில் அடங்கும் என்று உறுதியளித்திருந்தது. பிந்தைய பதிப்புகளில் அந்த உறுதிமொழி நீக்கப்பட்டு, குறிப்பிட்ட ஒரு செயற்கூறு 'எழுத்து அல்லது எண்' என்று ஏற்பவை அனைத்தும் அடங்கும் என்று திருத்தப்பட்டது. பொய்யான வாக்கியம் போய் மெய்யான வாக்கியம் வந்தது; அது முன்னேற்றம்தான். ஆனால் அந்த மெய்யைப் புரிந்துகொள்ள வாசகர் அச்செயற்கூறின் பக்கத்துக்குச் செல்ல வேண்டும். அங்கிருந்து அது சுட்டும் இன்னொரு செயற்கூறுக்குச் செல்ல வேண்டும். அங்கிருந்து யூனிகோடு வகைப்பாட்டு அட்டவணைக்குச் சென்று, 'உயிர்க்குறி எழுத்தன்று' என்பதைத் தாமே கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வாசல்களைக் கடந்தபின் கிடைக்கும் உண்மை, முதல் வாசலில் ஒரே வாக்கியமாக நின்றிருக்கலாம்.

வாசகர் பின்னூட்டத்துக்கு நிரலக உலகில் வழங்கும் விடைகள் பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, 'ஆவணத்தில் சொன்னபடிதான் இயங்குகிறது' என்பது. இது வழக்கறிஞர் விடை. வாசகர் கேட்டது, ஆவணமும் கருவியும் பொருந்துகின்றனவா என்று அன்று. ஆவணத்தைப் படித்தவருக்குக் கருவி விளங்கியதா என்பதே கேள்வி. இரண்டாவது, 'குறை கண்டவரே திருத்தம் எழுதி அனுப்பலாம்' என்பது. திறந்த மூல மரபில் இது அழைப்பாகவே தோன்றியது. நடைமுறையில் பல வேளைகளில் கதவடைப்பாகிறது. பக்கம் விளங்கவில்லை என்று சொல்ல வருபவர் அப்பக்கத்தைத் திருத்தும் அளவுக்கு விளங்கிக்கொண்டவராக இருக்க வேண்டும் என்பது, நோயாளியே மருந்துச்சீட்டு எழுதி வரவேண்டும் என்பதற்கு ஒப்பாகும். மூன்றாவது வகை அன்பானது. அதனாலேயே அதிகக் கேடு செய்வது. கேட்டவருக்கு மட்டும் பொறுமையாக விளக்கி, மாற்றுவழி சொல்லி, நன்றி பெற்று, குறையை முடித்துவைப்பது. கேட்டவர் பிழைத்தார். பக்கம் அப்படியே கிடக்கிறது. அடுத்த நாள் அதே பக்கத்துக்கு வருபவர் அதே பள்ளத்தில் விழுகிறார்.

வாசகரின் குறை என்பது அவர் அறியாமைக்குச் சான்றன்று. பக்கத்தின் நிலைக்குச் சான்று. சான்றுக்குரிய விடை சான்று கிடைத்த இடத்திலேயே எழுதப்பட வேண்டும். ஒருவர் கேட்டார் என்றால் கேளாமல் போனவர் பலர். கேளாதவர்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் ஒரே வழி, வாக்கியத்தை மாற்றுவது.

இது நடவாத காரியமன்று என்பதற்கு அதே நிரலகமே சாட்சி. ஆங்கிலத்துக்கென அது வைத்திருக்கும் விலக்குச்சொற் பட்டியலில் பல குறைபாடுகள் உண்டென்பது 2018-இல் வெளியான ஆய்வுக்கட்டுரை ஒன்றில் எடுத்துக்காட்டப்பட்டது. இன்று அந்த ஆவணம், ஆங்கிலப் பட்டியலில் அறியப்பட்ட சிக்கல்கள் உள்ளன, மாற்று ஒன்றைக் கருதுக என்று தன் வாயாலேயே சொல்கிறது. பாஸ்டன் நகர வீட்டுவிலைத் தரவுத்தொகுப்பில் இனப்பாகுபாட்டு அடிப்படை கொண்ட மாறி இருப்பது சுட்டிக்காட்டப்பட்டபோது, 2021-இல் வந்த 1.0 பதிப்பு அதனைக் கைவிடப்போவதாக அறிவித்தது. 2022-இல் வந்த 1.2 பதிப்பு அதை நீக்கியது. நீக்கியதோடு நில்லாமல், பழைய பழக்கத்தில் அதை அழைப்போருக்கு ஏன் நீக்கப்பட்டது என்பதையும், பதிலுக்கு எவற்றைப் பயன்படுத்தலாம் என்பதையும் திரையிலேயே சொல்ல ஏற்பாடு செய்தது. மாணவருக்குத் தேவையான இடத்தில், தேவையான நேரத்தில் விடை நிற்கிறது. ஆங்கிலப் பட்டியலின் குறைக்கு அப்பக்கத்தில் ஒரு வாக்கியம் கிடைத்தது. இந்திய எழுத்துகளின் குறைக்கு அதே பக்கத்தில் ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. வேறுபாடு தொழில்நுட்பத்தில் இல்லை; யாருடைய குறை செவிக்கு எட்டியது என்பதில் இருக்கிறது.

கூகுளின் பெர்ட் மாதிரியும் இதையொத்த உதாரணம். 2018-இல் வெளியான அதன் முதல் பன்மொழி வடிவம், ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டை நீக்கும்போது கூடவே ஒலிக்குறிகளையும் உதிர்த்தது. தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் அவ்வாறு உதிர்ந்தன. 'நீர்' என்பது 'நர' ஆயிற்று. விரைவிலேயே புதிய வடிவம் வந்தது. லத்தீன் அல்லாத எழுத்துமுறைகளுக்கு அதையே பயன்படுத்துமாறு அறிமுகப் பக்கத்தின் மேற்பகுதியிலேயே பரிந்துரையும் எழுதப்பட்டது. ஒரு வரிதான். அந்த வரியைப் படித்தவர்கள் தப்பினர்.

கணினிக்கு வெளியிலும் இம்மரபு புதிதன்று. டொனால்டு நூத், தம் நூல்களில் பிழை காட்டுவோருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்புவதை வழக்கமாக்கினார். பெற்றவர்களில் பலர் அதை மாற்றாமல் சுவரில் மாட்டிவைத்தனர். காசோலையின் புகழில் மறக்கப்படுவது, ஒவ்வொரு பிழையும் திருத்தப்பட்டியலில் ஏறி அடுத்த அச்சில் சரிசெய்யப்பட்டது என்பதே. திராவிட மொழியியல் மாணவர் நன்கறிந்த சான்று இன்னும் அருகில் இருக்கிறது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-இல் வெளிவந்தது. 1968-இல் துணைத்தொகுதி வந்தது. 1984-இல் திருத்திய இரண்டாம் பதிப்பு வந்தது. இடைப்பட்ட காலத்தில் கிடைத்த தரவும் திருத்தமும் பதிவுகளுக்குள்ளேயே சென்று சேர்ந்தன. குறை சொன்ன அறிஞருக்குத் தனிமடல் எழுதி முடித்திருந்தால் அந்த அறிவு அவர் மேசையோடு போயிருக்கும்.

எதிர்வாதங்களும் உண்டு. பராமரிப்பாளர்களில் பலர் ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்கள். அவர்களிடம் ஒவ்வொரு மொழிக்கும் விளக்கம் கேட்பது அநியாயம் என்பார்கள். ஒவ்வொரு மொழிக்கும் கேட்கவில்லை. சார்குறி பயன்படுத்தும் எழுத்துமுறைகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே வாக்கியம் போதும். ஆண்டுதோறும் அதே கேள்விக்குத் தனித்தனியே விடையளிப்பதைவிட அது குறைந்த உழைப்பு. இயல்பு அமைப்பை மாற்றினால் பழைய ஆய்வுகளின் முடிவுகள் மீள வாராமற் போகும் என்பார்கள். மெய்தான், ஆகவே அமைப்பை மாற்ற வேண்டும் என்பது இங்கே கோரிக்கையும் அன்று. கருவி நூறாண்டு அப்படியே இயங்கட்டும். இயங்கும் விதத்தைப் பக்கம் சொல்லட்டும். ஆய்வாளர் தம் கருவியைச் சோதித்தல்லவா பயன்படுத்த வேண்டும் என்பார்கள். சோதிக்க வேண்டும்தான். ஆனால் எதைச் சோதிக்க வேண்டும் என்பதை ஆவணத்திலிருந்தே ஒருவர் கற்கிறார். எச்சரிக்கைப் பலகை இல்லாத பாலத்தில் விழுந்தவரிடம் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வது நீதியாகாது.

குற்றத்தில் நம் பக்கத்துக்கும் பங்குண்டு. அதை மறைத்தால் இவ்வாதம் நேர்மையற்றதாகும். இந்தியப் பல்கலைக்கழகங்களில் இச்சிக்கலைக் கண்டுபிடிக்கும் மாணவர் என்ன செய்கிறார்? வெற்றிடத்தைக் கொண்டு சொற்களைப் பிரிக்கும் ஒரு வரியைத் தம் நிரலில் சேர்த்துக்கொண்டு மேலே செல்கிறார். ஆய்வேட்டில் அதைக் குறிப்பிடுவதும் இல்லை. குறிப்பிட்டால் 'இது நிரல் வேலை, மொழியியல் அன்று' என்று நெறியாளர் வெட்டிவிடக்கூடும். கண்டுபிடிக்காத மாணவருக்கோ நெறியாளரிடமிருந்து கிடைப்பது, 'தரவு போதவில்லை, இன்னும் சேர்' என்னும் அறிவுரை. இருவர் அனுபவமும் ஆவணத்தைச் சென்றடைவதில்லை. குறை கூறுவது மரியாதைக் குறைவு என்ற தயக்கமும், ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே என்ற அச்சமும் அதற்குத் துணை. பிறகு, 'நம் மொழிகளை அவர்கள் மதிப்பதில்லை' என்று கருத்தரங்குகளில் முழங்குகிறோம். சொல்லாத குறைக்கு விடை வராது. சொன்ன குறைக்கும் விடை வரவில்லை என்றால் அப்போது முழங்கலாம்.

உயிர்க்குறி எழுத்தா, சார்குறியா என்பது மொழியியல் கேள்வியே. எழுத்து என்பது ஒலியா வடிவா, உயிர்மெய் ஓரலகா ஈரலகா என்பவை தமிழ் இலக்கண மரபு நெடுங்காலமாக எண்ணிவந்தவை. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தோடு தொடங்குவது தற்செயலன்று. அத்தகைய மரபில் பயின்ற ஒருவர், தவறான எழுத்து வரையறையால் ஒரு கருவி எவ்வாறு பிழைபடுகிறது என்பதை விளக்கி, அதன் ஆவணத்தில் ஒரு பத்தி சேர்ப்பாராயின், அது ஒரு கருத்தரங்கக் கட்டுரைக்கு எவ்வகையிலும் குறைந்த பணியன்று. கட்டுரையைப் பத்துப் பேர் படிப்பர்; அப்பத்தியைப் படிப்போர் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. ஆயினும் ஆய்வு மாணவரின் ஆண்டறிக்கைப் படிவத்தில் கட்டுரைக்கு இடமுண்டு, அப்பத்திக்கு இடமில்லை.

ஆகவே கோரிக்கைகள் மூன்று. நிரலகத்தார்க்கு: இந்திய எழுத்துமுறைகள் குறித்து வரும் எந்தக் குறையையும், உரிய பக்கத்தில் ஒரு வாக்கியம் மாறும் வரை முடிந்ததாகக் குறிக்காதிருங்கள். பல்கலைக்கழகங்களுக்கு: ஆவணத் திருத்தத்தை ஆய்வுப் பங்களிப்பாகப் பதிவுசெய்யும் இடமொன்றைப் படிவத்தில் சேருங்கள். ஆய்வேட்டுத் தேர்வாளர்களுக்கு: தமிழ், தெலுங்கு, கன்னடத் தரவைக் கணக்கிட்ட எந்த ஆய்வேட்டிலும், கருவி கண்ட முதல் நூறு சொற்களை அச்சிட்டுப் பின்னிணைப்பாகத் தரக் கேளுங்கள். 'பத', 'பம', 'டம' என்று அப்பட்டியல் தொடங்கினால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

சேர்க்கப்பட வேண்டிய வாக்கியம் நீளமானதும் அன்று. 'உயிர்க்குறிகளையும் புள்ளியையும் இந்த இயல்பு அமைப்பு சொல்லின் பகுதியாகக் கொள்வதில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி முதலிய மொழிகளின் சொற்கள் இதனால் சிதையும். அம்மொழிகளுக்குச் சொற்பிரிப்பானை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்.' இதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப அரைமணி நேரம் ஆகும். திருப்பதியிலோ குப்பத்திலோ சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இதைப் படிக்கும் எவரும் அனுப்பலாம். அனுப்பியபின் வரும் விடை கனிவானதா கடுமையானதா என்று பார்க்க வேண்டாம். பக்கம் மாறியதா என்று பாருங்கள்.